கடலைப் பார்க்காத சாப்பாட்டுக்கடை

“பசிக்குதுன்னு சொல்றீங்க. ரெண்டு கடை சொன்னேன், ரெண்டும் வேண்டாங்கறீங்க!” மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“வீட்டுச் சாப்பாடு மாதிரி கிடைச்சா நல்லா இருக்கும்” என்றான் அவன். வெளியூரில் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்திருந்தான்.

நடுப்பகல். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. வரிசையாகப் பூட்டிய கேட்டுகள். எங்கோ ஒரு நாய் கடமைக்குக் குரைத்தது. வீடுகளுக்குப் பின்னால் கடல் மட்டும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

“அப்படின்னா கடைசி வீட்டு அக்காதான். கைப்பக்குவம்னா அதுதான். ஆனா எல்லாரும் பார்சல் வாங்கிட்டு வந்துடுவோம் தம்பி. உள்ளே உக்காந்து சாப்பிட யாருக்கும் மனசு வராது.”

“ஏன்?”

“கடல் பக்கத்து ஜன்னலையெல்லாம் பலகை வச்சு அடிச்சுட்டாங்க. காலையில போட்ட ரேடியோ ராத்திரி வரைக்கும் கத்தும். பன்னெண்டு வருஷமா இதே கதைதான்.” அவர் குரல் இறங்கியது. “ஒரே பையன். எவனோ வெளியூர்க்காரன் அலையில சிக்கிட்டான்னு காப்பாத்தப் போனான். அவன் பிழைச்சுட்டான், இவன் போயிட்டான். அக்காவைத் தொப்பலா நனைஞ்சு, நினைவே இல்லாமத்தான் தூக்கிட்டு வந்தோம். பிள்ளை போன இடத்துல விழுந்து புரண்டிருக்காங்க, பாவம்.”

அவன் கடைசி வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

கடைசி வீட்டின் முன்னறையில் நான்கு மேஜைகள். பட்டப்பகலில் குழல்விளக்கு எரிந்தது. ரேடியோவில் யாரோ பயிருக்கு உரம் போடுவதைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

முந்தானையில் கை துடைத்தபடி அந்த அம்மாள் வந்தார். “எத்தனை பார்சல்?”

“இங்கேயே சாப்பிடறேம்மா.”

அவர் ஒரு நிமிடம் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு சுத்தமாக இருந்த மேஜையை மறுபடி துடைத்துத் தட்டை வைத்தார். சூடான சோறு, கீரை, பொரித்த மீன். அவன் பிசைந்தான். முதல் கவளத்தை எடுத்தான். அது வாய் வரைக்கும் போகவே இல்லை.

“உப்பு சரியா இருக்கா?”

அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோது கரண்ட் போய்விட்டது. ரேடியோ பாதிச் சொல்லில் அறுந்தது.

அறை இருண்டது. கடல் உள்ளே வந்தது. பலகைகளுக்கு அந்தப் பக்கம் இல்லை, காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் கிடந்து மூச்சு விடுவதுபோல் கேட்டது. அந்த அம்மாள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். விரல்கள் வெளுத்துப்போயின. கண்களை மூடிக்கொண்டார்.

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து நின்றான்.

“அம்மா, நான் சாப்பிட வரலை. அன்னைக்கு அலையில சிக்கினவன் நான்தான்.”

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“கழுத்தைச் சுத்தி ஒரு கை பிடிச்சது மட்டுந்தாம்மா ஞாபகம் இருக்கு. ‘பயப்படாதே, விட்டுடாதே’ன்னு ஒரு குரல். கண் முழிச்சா ஆஸ்பத்திரி. மறுநாள் பேப்பர்லதான் விஷயம் தெரிஞ்சது. மூணு தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன்.” அவன் குரல் உடைந்தது. “இப்ப எனக்கு ஒரு பையன் பிறந்திருக்கான். அவன் தலையில தண்ணி ஊத்தக் கை வரமாட்டேங்குது. உங்க பிள்ளை உயிரைத் திருடித்தானே நான் அப்பாவானேன்? அடிங்கம்மா. நாலு வார்த்தை திட்டவாவது செய்யுங்க.”

அவர் எதிர் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருப்பா. இந்தத் தெருவே உன்னைத் திட்டித் தீர்த்துடுச்சு. நான் மட்டும் ஒரு நாளும் திட்டினதில்லை.”

“அது உங்க பெரிய மனசும்மா.”

“மனசும் இல்லை, மண்ணும் இல்லை.” அந்த இருட்டில் அவர் குரல் வேறு யாருடையதோ போல் வந்தது. “அவன் உன்னை நல்லபடியா கரை சேர்த்துட்டான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. முட்டி போட்டு உக்காந்து உன் வயித்தை அமுக்கித் தண்ணி எடுத்துக்கிட்டிருந்தான்.”

அவன் விழித்தான். “பக்கத்துலயே இருந்தீங்களா? கரையில வேற யாருமே இல்லைன்னு பேப்பர்ல...”

“கரையில யாருமில்லை. பிள்ளையைக் காணோமேன்னு, நீச்சல் தெரியாத நான் அவன் பின்னாடியே கடல்ல இறங்கிட்டேன். ஒரு அலை என்னைத் தூக்கினப்பத்தான் உங்க ரெண்டு பேரையும் கரையில பார்த்தேன். அடுத்த அலை என்னை இன்னும் உள்ளே இழுத்துச்சு. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.”

வெளியே ஒரு பெரிய அலை விழுந்து உடைந்தது. அவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

“நான்தாம்ப்பா அவனைக் கூப்பிட்டேன்.”