வெறும் வயிற்றில்

உபவாச ஜெபம் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது அபிகாயிலின் வயிறு சத்தம் போட்டது.

முழங்காலில் இருந்த பெண்கள் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்கள்.

சேலையூரில் அவள் புகுந்த வீட்டு ஹாலில் மாதாமாதம் இப்படிக் கூடுவதே அவளுக்காகத்தான். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. மாமியார் கிருபா சபையையே பட்டினி போட்டு வைத்திருந்தார்.

கணவன் ஜெஃப்ரி வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவளுடைய போன் அவன் சட்டைப்பையில் இருந்தது. ஜெபத்துக்கு இடைஞ்சலாம். மற்ற நாட்களில் எதற்கு இடைஞ்சல் என்று யாரும் கேட்டதில்லை. வண்டலூர் பள்ளிக்கு அவனே கொண்டுபோய் விடுவான், அவனே கூட்டிவருவான். பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்று சபையில் பேச்சு.

பள்ளி கேட்டைத் தாண்டி மட்டும் அவனால் வர முடியாது.

இன்று காலைதான் அங்கே பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் பாடம் எடுத்திருந்தாள். ஹார்மோன் என்றதும் தைராய்டையும் சினைப்பையையும் மட்டும் நினைக்காதீர்கள், இரைப்பையும் குடலும்கூடச் சுரக்கின்றன. ஹார்மோன் என்ற பெயரையே முதலில் குடலில் சுரந்த ஒன்றுக்குத்தான் வைத்தார்கள் என்றாள். பசிக்கு ஒன்று, கர்ப்பத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே ரத்தத்தில் ஓடும் சேதிகள். எது யாருக்கு என்று உடம்புக்குத் தெரியும்.

பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் தெரியாது.

பாஸ்டர் குரலை உயர்த்தினார். மதியத்திலிருந்து இருந்த குமட்டல் தொண்டைக்கு ஏறியது. எழுந்து ஓடினாள். வாஷ்பேசினில் மஞ்சள் தண்ணீர்தான் வந்தது.

திரும்பி வந்தபோது ஜெபம் நின்றிருந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கிருபா அழுதுகொண்டிருந்தார்.

"கர்த்தர் கேட்டுட்டாரும்மா. நாளையிலேர்ந்து நீ ஸ்கூலுக்கெல்லாம் போக வேணாம். ஜெஃப்ரி பேசிப்பான்."

ஜெஃப்ரி தலையாட்டினான். யாரோ ஸ்தோத்திரப் பாட்டைத் தொடங்கினார்கள்.

கர்ப்பம் இல்லை என்ற சொல் அவளுக்கு வாய் வரை வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. கிருபா ஊட்டிய கஞ்சியை விழுங்கினாள். பாதிக் கிண்ணத்தோடு போதும் என்றாள். அதையும் மசக்கை என்றார்கள்.

பிள்ளை வேண்டாம் என்றில்லை அவளுக்கு. இந்த வீட்டில் வேண்டாம்.

பள்ளி லேபில் பிளாஸ்டிக்கில் செய்த இரைப்பை ஒன்று இருக்கிறது. இரண்டாகத் திறக்கும். அதற்குள் ஒரு கருத்தடை மாத்திரை அட்டை.

இன்று மதியம் வெறும் வயிற்றில் ஒன்றைப் போட்டிருந்தாள்.

மீதி அங்கேதான் இருக்கிறது.