பதினோரு ஆடுகளுக்கு ஒரு கத்தரி

"நுனி கூரா இருக்கறது வேண்டாம் அண்ணே. மொண்ணையா இருக்கணும். கை தவறிப் பட்டாலும் தோலுக்குள்ள இறங்கக் கூடாது."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். கடை திறந்ததும் முதல் ஆளாக வந்தவள். மேஜைமேல் ஏற்கெனவே ஐந்து கைக்கத்தரிகள் கிடந்தன. ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியில் அவருக்குத் தெரிந்து இரண்டே வகைதான்: விற்றது, விற்காதது. இவளோ ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை வைத்திருந்தாள். ஒன்றுக்கு அலகு நீளம். ஒன்று கனம். இன்னொன்றுக்கு அலகுகளை விரிக்கும் பின்பக்க வில்வளையம் இறுக்கமாம்.

"வளையம் இறுக்கமா இருந்தாத்தான்மா சட்டுனு திறக்கும்."

"திறக்கும். ஆனா மூணாவது ஆட்டுக்குள்ள மணிக்கட்டு விட்டுப்போகும். பழகாத கை அப்பத்தான் அவசரப்படும். அவசரப்பட்டா ஆட்டுக்கு ரத்தம்."

"உன் கை காய்ச்சுப் போயிருக்கறதைப் பார்த்தா பழகாத கை மாதிரி தெரியலையே."

"புதுக் கத்தரிக்கு எல்லாக் கையும் புதுசுதான் அண்ணே."

பேச்சில் இவளிடம் ஜெயிக்க முடியாது. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து இன்னொரு பெட்டியை இறக்கினார்.

"எத்தனை ஆடு?"

"பதினொன்னு."

"பதினொன்னுக்கா இந்தப் பாடு? இருநூறு வச்சிருக்கறவனே கண்ணை மூடிக்கிட்டு ஒன்னை எடுத்துட்டுப் போறான்."

"இருநூறுல ஒன்னு செத்தா அவனுக்குத் தெரியாது. பதினொன்னுல தெரியும்." அவள் குரல் இறங்கியது. "போன தடவை வெட்டும்போது தாய் ஆடு ஒன்னுக்குக் காம்பு துண்டாயிடுச்சு. சீழ் வச்சு, குட்டியைக் கிட்டயே சேர்க்கலை. புட்டியில பால் குடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் குட்டி போயிடுச்சு."

கடைக்காரர் பெட்டியை மேஜைமேல் வைத்தார். "வேணும்னா செஞ்சே? விடும்மா" என்றார். "வீட்டுக்காரர் பிடிச்சு நிறுத்தினா இப்படி ஆகாதே. அவரு வரலையா?"

"அவரா? ஆடு இருக்கற பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாரு. ரோமத்தை மூட்டை கட்டற அன்னைக்கு மட்டும் எங்கிருந்தோ வந்து நிப்பாரு."

"எல்லா வீட்டுலயும் இதே கதைதான். என் பொண்டாட்டி வாயைக் கிளறினா நாள் பூராச் சொல்லுவா" என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பிடி கம்பளி ரோமத்தை எடுத்து மேஜையில் வைத்து, புதுப் பெட்டியிலிருந்த கத்தரிகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தாள். அப்போதுதான் கடைக்காரர் ஒன்றைக் கவனித்தார். பையைத் திறந்தது இடது கை. அலகில் கூர் பார்த்தது இடது கைக் கட்டைவிரல். வெட்டும்போது மட்டும் வலது கைக்கு மாற்றிக்கொள்கிறாள். அதுவும் முதல்முதலாகப் பென்சில் பிடித்த குழந்தை மாதிரி.

"நீ இடது கைக்காரியாம்மா?"

அவள் கை நின்றது. "ஆமா."

"அப்புறம் இத்தனை நாள் எப்படி வெட்டினே?"

"வீட்டுல இருந்தது வலது கைக் கத்தரி ஒன்னுதான். அதையே இடது கையில பிடிச்சு வெட்டினேன். அலகு ரெண்டும் விலகி விலகிப் போகும். பதினாலு வருஷம்."

"அட, அதான் காம்பு போயிருக்கு!" கடைக்காரருக்கு விஷயம் பிடிபட்டுவிட்ட சந்தோஷம். உள்ளறைக்கு ஓடிப்போய், எண்ணெய்த்தாள் சுற்றிய கத்தரி ஒன்றைக் கொண்டுவந்தார். "இடது கைக்குன்னே செஞ்சது. ஒரே ஒரு பீஸ். கேக்க ஆளில்லாம நாலு வருஷமாக் கிடக்கு. பிடிச்சுப் பாரு."

அவள் தயங்கித் தயங்கித்தான் வாங்கினாள். ஆனால் இடது கை அதை உடனே பற்றிக்கொண்டது. ஒரே அழுத்து. ரோமம் சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. இன்னொரு அழுத்து. மேஜையிலிருந்த ரோமம் முழுவதையும் வெட்டித் தீர்க்கும்வரை அவள் நிறுத்தவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இப்படி ஒன்னு இருக்குன்னே எனக்குத் தெரியாது அண்ணே. தெரிஞ்சிருந்தா அந்தக் குட்டி பிழைச்சிருக்கும்."

"இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. எடுத்துக்கோ. விலையைக் குறைச்சே தர்றேன்."

அவள் அதைத் திரும்ப எண்ணெய்த்தாளில் சுற்றி அவர் பக்கம் தள்ளினாள். கிடந்தவற்றில் ஒன்றை எடுத்தாள். குட்டை அலகு, மொண்ணை நுனி, இளக்கமான வளையம். வலது கைக் கத்தரி.

"இதைக் கட்டிக் குடுங்க."

கடைக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? இடது கைன்னு வீட்டுல யாராவது திட்டறாங்களா? மறுபடியும் ஒரு ஆட்டுக்குக் காம்பை வெட்டிட்டு அழப்போறியா? உன் கைக்கு இது சரிப்படாதுன்னு உனக்கே தெரியுதுல்ல!"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குன்னு யாரு சொன்னது அண்ணே? நேத்து கோர்ட்டுல விவாகரத்து ஆயிடுச்சு, ஆடுங்க பதினொன்னும் அவரு பக்கம் போயிடுச்சு. இனிமே கத்தரி பிடிக்கப் போறது அவரு புதுசாக் கூட்டிட்டு வந்திருக்கறவ. அவளுக்கு வலது கை, ஆட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை."