மனு தள்ளுபடி

அமெரிக்காவின் நீளமான இரண்டு ஆறுகளில் ஒன்றைச் சொல்லச் சொன்னார் குடியுரிமை அதிகாரி கான்ட்டூ அம்மையார்.

"ரியோ கிராண்டே" என்றேன்.

"மிசிசிப்பி, இல்லாட்டி மிசௌரி" என்று தப்புப் போட்டார்.

அந்த இரண்டையும் நான் பார்த்ததில்லை. மெக்சிகோ எல்லையில் ஓடுகிற ஆற்றைத்தான் எனக்குத் தெரியும்.

மற்றக் கேள்விகளில் தேறிவிட்டேன். சான் அந்தோனியோவில் முப்பத்தைந்து வருடமாகக் கூரை போடுகிறேன். கிழவனான பிறகு யாரும் என்னைப் பிடித்துத் திருப்பி அனுப்பக்கூடாது, அதற்குத்தான் இந்த மனு. வெளியே காரில் என் மனைவி ஒஃபேலியா, மடியில் கொடி வரைந்த கேக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு காகிதம் குறைந்தது என்று வந்து நிற்காதே என்று, வீட்டிலிருந்த அத்தனையையும் பையில் திணித்துக் கொடுத்திருந்தாள். மாதா படத்துக்குப் பின்னால் அப்பா செருகி வைத்த பழைய உறையையும் விடவில்லை.

கான்ட்டூ அதைத்தான் பிரித்தார்.

அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், ஊர் லரேடோ, டெக்சாஸ். பள்ளிக்கூட அட்டை. இருபத்தைந்து வயதுவரை டெக்சாஸ் பருத்திக் காடுகளில் வேலை பார்த்த சீட்டுகள். அப்புறம் ஆற்றைத் தாண்டி மெக்சிகோவுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார், நாங்கள் அங்கே பிறந்தோம். அப்பா இதையெல்லாம் பேசியதே இல்லை. பருத்தி பொறுக்கியதில் பேச என்ன இருக்கிறது?

கான்ட்டூ விரல்விட்டு வருடங்களை எண்ணினார். பேனாவை மூடினார்.

"உங்க மனுவைத் தள்ளுபடி பண்றேன் சார்."

"அந்த ஆத்துக் கேள்வியாலயா மேடம்?"

"இல்ல சார். உங்கப்பா இங்க பிறந்து, இத்தனை வருஷம் இங்கயே இருந்திருக்கார். அப்போ நீங்க பிறக்கும்போதே அமெரிக்கர். உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிறதை நான் எப்படிப் புதுசா குடுக்கிறது? வேற படிவம் இருக்கு, சான்றிதழ் மட்டும் வாங்கிக்குங்க."

சிரித்துவிட்டேன். கிரீன் கார்டு கிடைக்கும்வரை போலீஸ் காரைக் கண்டாலே சந்துக்குள் ஒதுங்கியவன் நான்.

அவரும் சிரித்தார். "கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் இதேதான். வரச் சொல்லுங்க."

"ஒரே தம்பி, ரமிரோ."

"எங்க இருக்கார்?"

"வந்துட்டுதான் இருந்தான் மேடம். எல்லைப் பாலத்துல விடமாட்டாங்கன்னு ஆத்துல இறங்கினான், கரையேறல. இருபத்திமூணு வயசு."

எந்த ஆறு என்று அவர் கேட்கவில்லை.