ஐந்தாவது சிவப்பு மூடி

ஒரு விமானம் மண்ணை விட்டு எழ வேண்டுமானால் மூன்று பேர் மனது வைக்க வேண்டும்: காற்று, கேப்டன், பாதுகாப்பு அதிகாரி. முதல் இருவர் முரண்டு பிடித்தால்கூடச் சமாளித்துவிடலாம் என்பது பாதுகாப்பு அதிகாரியின் கருத்து.

விமானம் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், பயணிகள் காத்திருப்பு அறைக் கண்ணாடி வழியாகத் தன்னை நன்றாகப் பார்க்கும்படி இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பகல் பதினொரு மணி. நேற்றுவரை உட்கார்ந்த வேகத்தில் அவரைத் துள்ளி எழ வைத்த நாற்காலி, இன்று சுடவில்லை. பத்தொன்பது வருட சர்வீசுக்கு வெயிலும் மரியாதை கொடுக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

எதிரே பத்துப் பேர் ஏறும் இரட்டை எஞ்சின் விமானம். ஓட்டுபவர் அவருடைய மாப்பிள்ளை. கேப்டனாக இன்றுதான் முதல் நாள்.

"வேலையில மாமான்னு கூப்பிடக் கூடாது. சார்னு கூப்பிடணும். புரியுதா கேப்டன்?" என்று காலையிலேயே கண்டித்திருந்தார்.

"புரிஞ்சுது மா... சார்."

எஞ்சினைக் கிளப்புமுன் ஐந்து சிவப்புச் சாமான்களைக் கழற்ற வேண்டும். விமானத்தின் மூக்கிலிருக்கும் உறை ஒன்று, காற்றாடிகளைக் கட்டிவைக்கும் பட்டை இரண்டு, எஞ்சின் வாயை அடைக்கும் ஸ்பாஞ்சு மூடி இரண்டு. 'பையில் ஐந்தையும் எண்ணாமல் கட்டைவிரல் உயரக் கூடாது' என்ற விதி சுவரில் தொங்கியது. எழுதியவர் இவர்தான், விதியைவிடக் கையெழுத்து பெரிது.

எல்லோருக்கும் அக்காவான மெக்கானிக் அக்கா பையோடு வந்தார். "எண்ணிடுங்க சார்."

"உன்மேல நம்பிக்கை இல்லாமலாம்மா?" என்றபடி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பயணிகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, எஞ்சினைக் கிளப்பலாம் என்று கேப்டனுக்குக் கட்டைவிரலைக் கம்பீரமாக உயர்த்தினார்.

மூக்குக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்த இடது எஞ்சின் சன்னமாக விசிலடிக்க ஆரம்பித்தது. அக்கா சும்மா இருக்காமல் பையைத் திறந்து எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

"சார்... நாலுதான் இருக்கு. இடது மூடியைக் காணோம்."

"கழட்டினியா இல்லியா?"

"கழட்டின மாதிரியும் இருக்கு, கழட்டாத மாதிரியும் இருக்கு சார்!"

வாய் அடைபட்ட எஞ்சினுக்குக் காற்று போகாது, எரிபொருள் மட்டும் போகும். வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தாண்டச் சில விநாடி போதும். மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆனால், ஆறு மாதக் கர்ப்பத்தோடு வீட்டிலிருக்கும் மகள் முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"மாப்பிள்ளை! நிறுத்துங்க! ஐயோ மாப்பிள்ளை!" தொப்பி பறக்க ஓடினார். தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வதுபோல் கையை வீசிவீசிக் காட்டினார்.

கேப்டன் எஞ்சினை அணைக்க, விசில் சட்டென்று இறங்கியது. காற்றாடி நிற்கும்வரை அக்கா அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டியதாயிற்று. "சுத்துற காத்தாடிக்குள்ள போறீங்களே, நீங்கதான் சார் பாதுகாப்பு அதிகாரி!"

பிறகு அக்கா டார்ச்சோடு போய் எஞ்சின் வாய்க்குள் பார்த்தார். "உள்ள சுத்தமா இருக்கு சார். மூடியே இல்ல."

"அப்ப முழுசா உள்ள இழுத்துட்டுது!"

"அவ்ளோ பெரிய சாமான் எப்படி சார்..."

"எதிர்த்துப் பேசாதே. எஞ்சினையே கழட்டு!"

திரும்பி வந்து, பின்னால் பார்க்காமலே நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். உட்கார்ந்ததும் பதவி ஞாபகம் வந்தது. குறிப்பேட்டை எடுத்தார்.

"கவனக்குறைவுன்னு எழுதப் போறேன். மெக்கானிக் மேல ஒண்ணு, கேப்டன் மேல ஒண்ணு. சொந்தமெல்லாம் வீட்டோட."

"என் வேலையே போயிடும் சார்," என்றார் அக்கா.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். மாமனாரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார்.

"அக்கா மேல எழுதாதீங்க சார். காலையில விமானத்தைச் சுத்திப் பார்க்கறப்ப இடது மூடியை நான்தான் கழட்டினேன்."

"கழட்டினதைப் பையில போடணும்னு விதி தெரியாது?" பேனா உற்சாகமாக ஓடியது.

"நாற்காலி சுடுதுன்னு நேத்து ராத்திரி அத்தைகிட்ட சொல்லிட்டிருந்தீங்க..."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் கேப்டன்?"

"நீங்க அது மேலதான் உக்காந்திருக்கீங்க, மாமா."