யாசீனுக்குப் பயந்த பூனை

"யாசீன் ஓதுறதைக் கேட்டு ஒரு பூனை இப்படி நடுங்குமா, லாத்தா? அதுக்குள்ள என்னமோ இருக்கு."

ஷம்சாத் சொன்னதைக் கேட்டு, எதிர் ஃபிளாட் ஜுலைஹா பீவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கஹ்வா சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வால் சிலிர்த்து நின்றது. தொண்டைக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தது.

காப்பி நிறத்துக்காக அந்த அரபிப் பெயரை வைத்தவன் ஷம்சாத்தின் மகன் ஃபவாஸ். ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, கேட் ஓரம் கிடந்த குட்டியை ரூமுக்குத் தூக்கிப் போய் வளர்த்தான். லீவு கிடைத்தால் அதையும் கூண்டில் வைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு துபாய் தேய்ராவுக்கு, உம்மா வாப்பாவிடம் வந்துவிடுவான். கடைசியாக அப்படி வந்த அன்று பாதி வழியில் ஒரு லாரி மோதியது. அந்தக் காரிலிருந்து உயிரோடு வீடு வந்து சேர்ந்தது கஹ்வா மட்டும்தான்.

ஷம்சாத்துக்கு அது பூனையே இல்லை, மகன் விட்டுப்போன பிள்ளை. மீனில் முள் எடுத்து ஊட்டுவாள். பகல் முழுக்க அதுவும் அவள் மடியைவிட்டு இறங்காது.

வினை எல்லாம் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகுதான். கணவர் கலீலுர் ரஹ்மான் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து, ஹாலில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார். மகனுக்காகக் குர்ஆனில் யாசீன் சூரா கேட்கிறேன் என்பார். அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருக்கும் கஹ்வா தூக்கிவாரிப்போட்டு எழுந்து, காதை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பாய்ந்துவிடும். காலையில் அதே இயர்போனில் அவர் செய்தி கேட்கும்போது மட்டும் காலடியிலேயே சுருண்டு தூங்கும்.

"நமக்குக் கேக்காததெல்லாம் அதுக்குக் கேக்கும்டி," என்றாள் ஜுலைஹா பீவி. "யாசீன் யாருக்கு ஆகாது? ஷைத்தானுக்குத்தானே? வீட்டுல வச்சுக்காதே. மனசு கேக்கலேன்னா ஒண்ணு செய்யி. அந்த ஓதுற சத்தத்தை அது காதுக்கிட்டயே கொண்டுபோய் வையி. உள்ள இருக்கிறது ஓடிடும்."

ஷம்சாத்துக்கு அந்தச் சோதனைக்குத் துணிச்சல் வரவில்லை. கணவரிடம் சொல்லிப் பார்த்தாள்.

அவரிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்றுதான். மனுஷன் அப்படியொரு கல்லுளிமங்கன். மகனை அடக்கம் செய்த அன்றுகூடக் கண் கலங்கவில்லை. அது போகட்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சுருண்டு கிடந்தபோதே அவள் போனை வாங்கி, மகன் அனுப்பியிருந்த படங்கள், வாய்ஸ் மெசேஜ், ஒன்று விடாமல் துடைத்துவிட்டார். கேட்டபோது, "கேட்டுக் கேட்டு அழுதா பிள்ளைக்குத்தான் வேதனை. சபுரா, பொறுமையா இரு," என்று முடித்துக்கொண்டார். பெற்றவளுக்குப் பிள்ளையின் குரலைக்கூட மிச்சம் வைக்காத மனிதரை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"கஹ்வாவை அஸ்கர் அலிக்குக் குடுத்துடுவோமாங்க? அவரோட அல் கூஸ் குடோன்ல எலித் தொல்லையாம்."

வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று அவள் உள்ளுக்குள் துடித்தாள். அவர் பூனையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் இஷ்டம்," என்றார்.

மறுநாள் மஃரிப் முடிந்து அவர் வழக்கம்போல் இயர்போனோடு உட்கார்ந்தார். கஹ்வா கட்டிலுக்கு அடியில் போனது. ஷம்சாத் அதன் தட்டையும் பழைய சால்வையையும் அழுதுகொண்டே பையில் போட்டாள். அப்போது இன்டர்காம் அலறியது. அஸ்கர் அலியின் வேனைக் கீழே வாட்ச்மேன் நிறுத்த விடவில்லையாம். கலீலுர் ரஹ்மான் இயர்போனைக் கழற்றிப் போனோடு நாற்காலியில் போட்டுவிட்டு அவசரமாக இறங்கிப் போனார்.

நாற்காலியில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஜுலைஹா பீவி சொன்னது நினைவு வந்தது. உள்ளே இருப்பது ஓடிவிட்டால் கஹ்வா இங்கேயே இருக்கலாமே. பிஸ்மி சொல்லிக்கொண்டே போனை எடுத்துவந்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி, இயர்போனைப் பூனையின் காதருகே கொண்டுபோனாள்.

கஹ்வா வீறிட்டது. அவள் கையைப் பிறாண்டிவிட்டு மூலைக்குள் ஒடுங்கியது.

ரத்தம் துளிர்த்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எந்த ஆயத்துக்கு, எந்த வசனத்துக்கு இது இப்படிப் பயப்படுகிறது? இயர்போனைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"...உம்மா, இடியாப்பம் பிழிஞ்சு வைங்க, பசி உயிர் போகுது. வாப்பா, பயப்படாதீங்க, மெதுவாத்தான் ஓட்டுறேன். டேய் கஹ்வா, வாப்பாவுக்கு ஸலாம் சொல்லு..."

பூனை கத்தியது. ஃபவாஸ் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் நீளமாக ஒரு ஹாரன். பிரேக் கிறீச்சிட்டது. கஹ்வாவின் அலறல். எல்லாவற்றையும் நசுக்கிக்கொண்டு ஒரு சத்தம்.

போனை மறந்தது நினைவு வந்து படியேறி ஓடிவந்த கலீலுர் ரஹ்மான், அவள் காதில் இருந்ததைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"நம்ம ரெண்டு பேருக்கும் அவன் கடைசியா அனுப்பின மெசேஜ் இது. உன் காதுல விழுந்துடக் கூடாதுன்னுதான் அன்னைக்கே உன் போனைத் துடைச்சேன், ஷம்சாத்," என்றார் உடைந்த குரலில். "தினமும் அவன் சிரிக்கிற இடத்தோட நான் நிறுத்திடுவேன். மிச்சம் என்னன்னு கஹ்வாவுக்குத் தெரியுமே."