சாக்குமூஞ்சிக்கு இருபத்தேழாம் வாரம்

கழுத்தில் மாலை விழுந்ததும் தோட்ட ஆபீசின் பெரிய கிராணி சிவானந்தம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலி அது. மற்ற நூற்றைம்பது பேரும் தரையில்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. ஆறு மணிக்கு ஊரடங்கு. காட்டில் கம்யூனிஸ்டுகள், ஜெராம் ரோட்டில் பட்டாளம், தொழிலாளர் லயத்தைச் சுற்றி முட்கம்பி. நடுவில் வாரம் ஒரு நாடகம்.

'சாக்குமூஞ்சி' தொடங்கி இது இருபத்தேழாவது வாரம். வாரா வாரம் ஒரு தலைவர் உண்டு. அவருக்கு ஒரு மாலை உண்டு. தலைவர் இல்லாமல் இந்த ரப்பர் தோட்டத்தில் காதுகுத்துகூட நடப்பதில்லை.

தம்மை அழைக்க இருபத்தாறு வாரம் எடுத்துக்கொண்டார்களே என்பதுதான் கிராணியின் வருத்தம்.

"பாதியிலேருந்து பாத்தா எனக்கு விளங்குமா?"

பக்கத்தில் பாயில் இருந்த நவமணியைக் கேட்டார். தலைவருக்கு முன்கதை சொல்வது அவள் வேலை.

"எங்க ஆரம்பிச்சாலும் விளங்கும் ஐயா. ஒருத்தன் தலையில சாக்கப் போட்டுக்கிட்டு ஆளுங்களக் காட்டிக் குடுப்பான். அவ்வளவுதான் கதை."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னாள்.

ஏழு மாதத்துக்கு முன், காட்டுக்காரர்களுக்கு உதவுகிறவர்களைப் பிடிக்கவென்று பட்டாளம் வந்து எடைக்கொட்டகை முன்னால் ஒரு கூடாரம் அடித்தது. கூடாரத் துணியில் ஒரு கிழிசல். ஒவ்வொருவராக அதன் எதிரே நடக்க வேண்டும். உள்ளே இருந்து யாரோ பார்த்தார்கள். காற்றில் துணி விலகியபோது ஒரு சாக்கு தெரிந்தது. சாக்குக்குள் இருந்த முகம் தெரியவில்லை.

நவமணியின் புருஷன் ரெங்கசாமி நடந்தான். லோரியில் ஏற்றினார்கள். முகாமில் நான்கு வாரம் வைத்திருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். அவன் மூன்று வயதில் விட்டு வந்த ஊர் அது. அங்கே அவனுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.

அந்த முகம் யாருடையது என்று தெரியாமல் நவமணிக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தோட்டத்தில்தான் அது இருக்கிறது. அது மட்டும் தெரியும்.

"சொல்லும்மா, அப்புறம்?"

"மொத வாரம் சாக்குமூஞ்சி அவன் மாமியாரைப் பாத்துத் தலையாட்டினான். பட்டாளம் தூக்கிட்டுப் போச்சு. மூணாம் வாரம், வேணாம்னு அவங்களே திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க."

கிராணியின் தொப்பை குலுங்கியது.

"பத்தாம் வாரம், குழம்பு நல்லாருக்கான்னு பொண்டாட்டி கேட்டா. பழக்கத்துல தலையாட்டிட்டான். குழம்பையும் சட்டியையும் கைது பண்ணிட்டாங்க. போன வாரம் கண்ணாடியப் பாத்துத் தலையாட்டினான்."

"அப்புறம்?"

"தப்பிச்சிட்டான் ஐயா. சாக்கு போட்டிருந்தானே, ஆளு அடையாளம் தெரியல."

கிராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்றிருந்தது அவருக்கு.

பால்வெட்டுக்கார டக்ளஸ் சாக்கோடு மேடையேறினான். கூடவே அட்டைத் தொப்பி போட்ட ஓர் ஆபீசர். முதலில் ஒரு சேவல் நடந்து போனது. சாக்குமூஞ்சி அதைப் பார்த்துத் தலையாட்டினான். ஆபீசர் சேவலுக்குச் சல்யூட் அடித்துக் கைது செய்தார்.

"நல்லா ஆட்டுடா டக்ளஸ், கழுத்து சுளுக்கட்டும்!" என்று தரையிலிருந்து ஒரு குரல்.

"தொப்பி தப்பு" என்றார் கிராணி. "சல்யூட்டும் தப்பு."

திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையைத் திருத்துவார். அடக்கத்துக்குப் போன இடத்தில், குழி மூடுமுன், சிலுவையில் எழுத்துப்பிழை என்று சொன்னவர்.

மேடையில் ஒரு மாட்டைக் கொண்டுவந்தார்கள். சாக்குமூஞ்சி மறுபடி தலையாட்டினான்.

"ச்சே! நான்சென்ஸ்!" கிராணி நாற்காலியின் கையில் அடித்தார். "அதுதான் பெரிய தப்பு. எவன் எழுதினான் இதை?"

"எதுங்க ஐயா தப்பு?"

"தலையாட்டுறது! சாக்குக்குள்ள தலைய ஆட்டினா ஓட்டை நகந்து போயிடாதா? அப்புறம் எங்கேருந்து ஆளு தெரியும்? ஆட்டவே கூடாது. ஆபீசர் பக்கத்துல உக்காந்திருப்பான். அவன் முழங்கால்ல விரலால ரெண்டு தட்டு. அவ்வளவுதான் லா."

தட்டியும் காட்டினார். நாற்காலிக் கையில், இரண்டு முறை. பழகிய விரல்.

நவமணி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடாரத்துக்குள் என்ன நடந்தது என்று வெளியே நடந்தவர்கள் யாருக்கும் தெரியாது. தலையாட்டல் நவமணி கட்டிவிட்ட கதை. கப்பல் போன மறுவாரம் அவள் சொல்லச் சொல்ல டக்ளஸ் எழுதியதுதான் இந்த நாடகம்.

நான்காம் வாரம் இதே நாற்காலியில் மருந்துக்கொட்டகை டிரெசர் உட்கார்ந்தார்; சிரித்துவிட்டுப் போனார். பதினோராம் வாரம் பள்ளிக்கூட வாத்தியார், அரைமணியில் தூங்கிவிட்டார். வேலை வாங்கும் மண்டோர்கள் ஒவ்வொருவராக வந்து மாலையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒருவரும் திருத்தவில்லை.

நவமணி பாயிலிருந்து எழுந்து நின்றாள்.

டக்ளஸ் சாக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். தரையில் இருந்த நூற்றைம்பது முகங்களும் மேடையை விட்டுத் திரும்பின. வாசல் ஓரம் இருந்தவர்கள் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க?" என்றார் கிராணி. "நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு?"