திறந்த வாய்

ஆஸ்பத்திரிக்கு மேலாக ஒரு ஹெலிகொப்டர் தாழப் பறந்தபோது, ஸ்கேன் திரையில் இருந்த குழந்தை இரண்டு கைகளையும் காதுகளுக்குக் கொண்டுபோனது.

“இஞ்ச பாரும், பிள்ளை காதைப் பொத்துது!” என்று நிரூஷன் சிரித்தான். அவன் இந்தக் குளிர்நாட்டிலேயே பிறந்தவன். கட்டிலில் படுத்திருந்த அவன் மனைவி துளசிகா சிரிக்கவில்லை. குழந்தையின் வாய் அகலத் திறந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

காதைப் பொத்தும்போது வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குண்டு விழுகிற அதிர்வில் செவிப்பறை கிழிந்துவிடும். ஊரில் யுத்தம் நடந்த காலத்தில், பங்கர் குழிக்குள் தன் உடம்பால் அவளை மூடிக்கொண்டு அம்மா சொல்லிக்கொடுத்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, நிரூஷனிடம்கூட.

“என்னப்பா, நடுங்குறீர்?”

“வயித்தில பூசின ஜெல் குளிருது.”

சத்தம் தேய்ந்து மறைந்தது. “அது போயிட்டுது, கையை எடுங்கோ ராசா,” என்று நிரூஷன் திரையைப் பார்த்துக் கொஞ்சினான். குழந்தை எடுக்கவில்லை.

அம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். பிளேன் போன உடனே எழும்பாதை பிள்ளை, அது திரும்பி வரும்.

துளசிகா கூரையைப் பார்த்தபடி மெதுவாகத் தன் வாயைத் திறந்தாள்.